பின்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்

பழைய குட்டிக் காரின் பின்சக்கரங்களுக்குப் புது டிஸ்க் பிரேக் போட்டுவிட்டதாக மெக்கானிக் மாரப்பன் மீசையை முறுக்கினார். டிரைவர் செம்பாயிக்கு நம்பிக்கையில்லை; சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். நாளைக்கு முதலாளியின் நிறைமாத மகளைக் கொல்லிமலையிலிருந்து அவள்தான் கூட்டிவர வேண்டும்.

"பொம்பளை டிரைவர் என் வேலையைச் சோதிக்கிறதா?" என்று மாரப்பன் எகிறினார்.

"வண்டியை எடு செம்பாயி, இல்லேன்னா வேலையை விட்டுப் போ," என்றார் முதலாளி.

"எடுக்கிறேனுங்க. முதல்ல பூசை." வண்டியைப் பட்டறைச் சரிவில் ஏற்றி நிறுத்தினாள். பின்சக்கரத்தைப் பிடிக்கிற கைபிரேக்கை இழுத்துவிட்டாள்.

"மாரப்பண்ணே, பின்சக்கரத்துக்குச் சரிவுப் பக்கமா எலுமிச்சம்பழத்தை வெச்சுக் கையாலே பிடிச்சுக்குங்க. நான் மிதிபிரேக்கிலிருந்து காலை எடுக்கறேன், உங்க பின்பிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்கட்டும்."

குனிந்த மாரப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டா!"

"கொல்லிமலையில சமதளம் எங்கண்ணே இருக்கு?"

முதலாளி ஜாக்கியை எடுத்துவந்தார். சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே டிஸ்க் இல்லை; பழைய டிரம் பிரேக்தான், புதுப் பெயிண்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.