திரும்பி ஏறும் ரத்தம்

மலைமேல் ஒரு சின்ன மடம். அதன் குரு தவமணி அம்மையார். துறவு பூணுவதற்கு முன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அவரைவிட வயது அதிகம்.

அப்பாவின் கருமாதியன்று தங்கை ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள்: "பெத்தவரைக் கடைசியில பார்க்காதவனுக்கு இங்க என்ன வேலை?" அன்றே உடுத்த துணியோடு மலை ஏறியவர்தான் தெய்வசிகாமணி. கோபத்தில் கிளம்புகிறவர்களுக்குத் துறவு சுலபமாக வந்துவிடுகிறது.

இப்போது அந்தத் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம். தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண்ணை மணவறைக்கு அனுப்ப மாட்டேன் என்று தங்கை ஆள் அனுப்பியிருந்தாள். அவன் கீழே ரோட்டில் வண்டியோடு காத்திருந்தான்.

சீடர் காலையிலேயே சந்நிதி முன் போய் நின்றுகொண்டார். போக மனசு வரும்வரை உட்காருவதில்லை என்று வைராக்கியம். உச்சிப்பொழுதாகியும் மனசு வரவில்லை. கால் வீங்கியதுதான் மிச்சம்.

அம்மையார் வந்து காலைப் பார்த்தார்.

"உட்காருங்க."

"விரதம், அம்மா."

"சாமி ஒண்ணும் நினைச்சுக்காது. உட்காருங்க."

உட்கார்ந்தார். அம்மையார் அவருடைய விரலையே எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்தார்.

"துடிக்குதா?"

"துடிக்குது."

"இது தமனி. ரத்தம் வெளியே போற குழாய். இதயம் தள்ளுறதுதான் இங்க துடிப்பா தெரியுது." பிறகு புறங்கையில் புடைத்திருந்த நீலக் குழாயைக் காட்டினார். "இது?"

தொட்டுப் பார்த்தார். "துடிப்பே இல்லையே!"

"இது சிரை. திரும்பி வர்ற வழி."

அம்மையார் அந்தக் குழாயை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் மேல்நோக்கி நீவினார். நீலம் மறைந்தது. நீவிய விரலை எடுத்த பிறகும் ரத்தம் மேலிருந்து இறங்கவில்லை.

"ஏன் இறங்கலை?"

"உள்ளே அங்கங்கே கதவு இருக்கு. ஏறினது இறங்காது."

சீடர் தம் காலைப் பார்த்தார். "கால்ல இருக்கிற ரத்தத்தையும் இதயம்தானே மேலே தள்ளணும்?"

"நடுவுல தந்துகின்னு, மயிரைவிட மெல்லிசான குழாய்ங்க இருக்கு. தள்ளின வேகமெல்லாம் அங்க போறதுக்குள்ளயே அநேகமா தீர்ந்துடும். அப்புறம் கெண்டைக்கால் சதை பிழிஞ்சு ஏத்தினாத்தான் உண்டு."

"சதை எப்பப் பிழியும்?"

"நடக்கும்போது."

சீடர் வீங்கிய காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அவ சொன்னது பொய்யில்லை, அம்மா. அப்பாவை நான் பார்க்கலை. அதனாலதான் அவ முகத்துல முழிக்க மனசு வரலை. மனசு வந்தா இந்த நிமிஷமே கிளம்பிடுவேன்."

அம்மையார் எழுந்து போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து வாசற்படியில் வைத்தார். சீடர் பதறி எழுந்தார்.

"ஐயோ அம்மா, நீங்க போய்..."

"கீழே ரோடு வரைக்கும் நடங்க," என்றார் அம்மையார். "வீக்கம் வடியும்."