எல்லைக்கல்லும் நத்தையின் வயிறும்

அந்தக் காலத்தில் எறும்புக்கும் யானைக்கும் ஒரே பாஷைதான். இருவரும் வழியில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். குனிய வேண்டியது மட்டும் யானையின் பாடு. எறும்புக்கு ஆயுளும் அப்போது நீளம். இல்லாவிட்டால் ஆவுடை என்ற கட்டெறும்பு, தான் தொடங்கிய சத்திரம் ஏழு தலைமுறை வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்க முடியுமா?

தொடங்கியபோது அது மலையடிவாரத்தில் விழுந்து கிடந்த ஒரு பனந்துண்டு. உள்ளே ஒரு பொந்து, அவ்வளவே. ஆவுடையேதான் வாசலில் நிற்பாள், சமைப்பாள், பரிமாறுவாள். யார் வந்தாலும் அவள் முதல் வார்த்தை, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான்.

வம்பு என்னவென்றால், அந்தப் பனந்துண்டு கிடந்தது யானைகள் ஆண்டுதோறும் மலையிலிருந்து இறங்கி வரும் தடத்தில். முதல் ஆண்டே கூட்டத்தின் தலைவன் கொம்பையா வந்து காலைத் தூக்கிவிட்டான். பொந்துக்குள்ளிருந்து பருப்பு வாசனை வந்தது. தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு, "உள்ள யாரு?" என்று கேட்டான்.

"பசிச்சு வந்தவங்க, ஐயா. சாப்பிட்டு முடிக்கட்டும், பொறவு மிதிங்க," என்றாள் ஆவுடை.

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூறு முழம் தள்ளிப் பாதையோரமாக ஒரு கல்லை நட்டான். "இதான் உன் எல்லை. ஒருத்தர்கூடப் பசியோட இதத் தாண்டக் கூடாது. அது வரைக்கும் நாங்க சுத்திப் போறோம். வருசா வருசம் வந்து, போறவங்கள நிறுத்திச் சாப்பிட்டாச்சான்னு கேப்பேன். ஒரே ஒருத்தர் இல்லன்னு சொன்னாலும் தடம் எங்களுக்கு, சரியா?"

"சரி!" என்றாள் ஆவுடை, யோசிக்காமலேயே.

அதன் பிறகு சத்திரம் வளர்ந்த வேகம் இருக்கிறதே! தங்க வந்த கறையான்கள் சும்மா இருக்கப் பிடிக்காமல் சுவர் எழுப்பின. தூக்கணாங்குருவிகள் மாடி அறைகளைப் பின்னித் தொங்கவிட்டன. பெருவெள்ளம் வந்த ஆண்டில் பாம்பும் எலியும் ஒரே அறையில் மூன்று நாள் அடைந்து கிடந்தன; வேளாவேளைக்கு வயிறு நிறைந்ததால் இரண்டும் தாயம் ஆடிப் பொழுதைப் போக்கின. பாம்புக்குக் கை ஏது? அதற்கும் சேர்த்து எலியே உருட்டியது, எலியே ஜெயித்தது. பஞ்சம் வந்த ஆண்டில் ஆளுக்கு அரைப் பருக்கைதான். ஆனால் பந்தி நிற்கவில்லை.

கூட்டம் பெருகப் பெருக ஒருத்தியால் ஆகவில்லை. வரவேற்கச் சிலர், பாய் போடச் சிலர், பரிமாறச் சிலர் என்று வேலையைப் பிரித்தார்கள். ஆவுடை எல்லாவற்றுக்கும் தலைவியாகி, மேற்பார்வை பார்த்து நடந்தாள். அவள் நடையே மாறிவிட்டது.

ஓர் ஆண்டு, யானைகள் வரும் நாள் வந்தது. சத்திரம் அமர்க்களப்பட்டது. வாசலில் தோரணம், சமையல்கட்டில் பாயசம், எங்கு பார்த்தாலும் ஓட்டம். தூரத்தில் புழுதி கிளம்புவதைப் பார்த்த ஆவுடைக்குப் பெருமை தாங்கவில்லை. பரிமாறும் சிற்றெறும்பு பூலாத்தி குறுக்கே ஓடியபோது சும்மா கேட்டுவைத்தாள்.

"ஏட்டி பூலாத்தி, நேத்து வந்த நத்தைக்கு என்ன போட்ட?"

"எந்த நத்தைக்கு, அக்கா?"

ஆவுடைக்குப் பகீரென்றது. நேற்று மாலை வந்த நத்தை தன் வீட்டை முதுகிலேயே கொண்டு வந்திருந்தாள். வீடு இருப்பவளுக்குப் பாய் எதற்கு என்று பாய்க்காரிகள் போடவில்லை. பாய் வாங்கியவர்களைத்தான் பந்திக்கு அழைப்பது வழக்கம். ஆகவே யாரும் அழைக்கவில்லை. உள்ளே கேட்டுக்கொள்வார்கள் என்று வாசல்காரிகள் இருந்துவிட்டார்கள். ஆவுடையோ நேற்றும் அவளைப் பார்த்தாள், இன்று விடியற்காலையில் கிளம்பியபோதும் பார்த்தாள். இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"வெள்ளரிப் பிஞ்ச எடுங்கடீ! ஓடுங்க!"

நூறு எறும்புகள் ஒரு வெள்ளரித் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடின. பாதையில் எதிரே வந்த தவளை துள்ளி விலகியது. துண்டு உருண்டது; மறுபடி தூக்கினார்கள். "விடாத, விடாத!" என்று ஆவுடை முன்னால் ஓடினாள். விடியலில் கிளம்பிய நத்தை, உச்சிப்பொழுதுக்கு எல்லைக்கல்லை நெருங்கியிருந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் கொம்பையா நின்றுகொண்டிருந்தான்.

நத்தையின் தலை கல்லைத் தாண்டியது.

"சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டான் கொம்பையா.

நத்தைக்குப் பொய் சொல்ல வராது. "இல்லீங்க," என்றாள்.

"கேட்டு வாங்க வேண்டியதுதான?"

"கூப்பிடாத பந்தியில எப்படிங்க போயி உக்கார?"

கொம்பையா பெருமூச்சு விட்டான். காலைத் தூக்கினான். பின்னால் நின்ற நாற்பது யானைகளும் தூக்கின.

"நில்லுங்க!" ஆவுடை அலறிக்கொண்டு வந்து விழுந்தாள். "தலைதான தாண்டுச்சு? பசி தலையிலயா இருக்கு? வயிறு இன்னும் எங்க எல்லையிலதான் இருக்கு, பாருங்க!"

கொம்பையா குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். உண்மைதான். முதுகிலிருந்த ஓடும் வயிறும் இந்தப் பக்கம் இருந்தன.

"சாப்பிடுங்க தாயி. நேத்தே கேட்டிருக்கணும். பாத்தேன், கேக்கல. தப்பு என்னோடது," என்று ஆவுடை விம்மினாள். நத்தை மெல்லத் தலையைத் திருப்பி ஒரு கடி கடித்தாள், பிறகு இன்னொரு கடி. காலைத் தூக்கியபடியே யானைகள் காத்திருந்தன. துண்டு தீர்ந்ததும், "ஆச்சுங்க," என்றாள் நத்தை.

கொம்பையா காலைத் தள்ளி வைத்தான். "நத்தையாப் போச்சு, தப்பிச்ச. நாளைக்கு வெட்டுக்கிளியா இருந்தா என்ன பண்ணுவ ஆவுடை?"

யானைகள் சுற்றிப் போன பிறகு ஆவுடை எல்லாரையும் கூட்டினாள். "இனிமே யாரு எதிர வந்தாலும் நின்னு கேளுங்க. இன்னொருத்தி கேட்டிருப்பான்னு ஒருத்தியும் நெனைக்கக் கூடாது. நானும்தான்."

"ஒரே ஆள நூறு பேரு கேட்டா?" என்றாள் பூலாத்தி.

"நூறு தடவ பதில் சொல்லட்டும்."

அந்தச் சத்திரம் எப்போதோ மண்ணாகிவிட்டது. கல்லையும் காணோம். ஆனால் அன்று முதல்தான், எவ்வளவு அவசரமானாலும் எதிரெதிரே வரும் எறும்புகள் ஒரு நொடி நின்று, முகத்தோடு முகம் வைத்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகின்றன, அடுத்து வருகிறவளும் நின்று அதையேதான் கேட்கிறாள்.