வடகோடிக்குப் போன டார்ச்

விருதுநகரில் ஒரு வீட்டில் ஒரு டார்ச் இருந்தது. அடிக்கடி கரண்ட் போகும் தெரு என்பதால் அதற்கு அங்கே ராஜ மரியாதை. இருட்டை விரட்டி விரட்டியே அதற்குக் கொஞ்சம் திமிரும் ஏறியிருந்தது.

ஒரு மார்கழியில் அந்த வீட்டுப் பெண் அமுதவல்லி, தோழி ரெஜினாவோடு துருவ ஒளி பார்க்க உலகத்தின் வடகோடிக்குப் புறப்பட்டாள். குளிர்காலம் முழுக்கச் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஊர். பெட்டியில் முதலில் ஏறியது டார்ச்தான்.

போன நாளிலிருந்து மேகம். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலைதான் மேகம் விலகியது. இருவரும் உறைந்த ஏரிமேல் நடந்தார்கள். அமுதவல்லி காலடிக்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டே வந்தாள்.

"எதுக்குடி கீழ அடிக்கிற?" என்றாள் ரெஜினா.

"பாம்பு கீம்பு கிடந்தா?"

"இந்தப் பனியிலயா? அப்படி ஒண்ணு வந்தா, பாவம், நாமதான் அதுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடணும்."

அமுதவல்லி சிரித்தாள். ஆனால் அணைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். பனியில் பட்ட வெளிச்சத்தில் கண் கூசியது. மேலே வெறும் சாம்பல்.

"ஒண்ணுமே தெரியலையே. நாளைக்குக் கிளம்பணும்," என்றாள். அந்தக் குரல் உடைந்ததைக் கேட்டு டார்ச் பதறிப்போய் இன்னும் பிரகாசமாக எரிந்தது.

"கொஞ்சம் ஒதுங்கேன். அவள் பார்க்கட்டும்," என்றது இருட்டு.

"ஒதுங்க வேண்டியது நீ. திருடனுக்குத் துணை போகிற நீயா எனக்குப் புத்தி சொல்கிறாய்?"

"பட்டப்பகலில் நடக்கும் கொள்ளைக்கு யாராவது பகலைக் கூண்டில் ஏற்றியதுண்டா? எனக்கு மட்டும் என் நிறமே சாட்சி, என் நிறமே தீர்ப்பு. அதிருக்கட்டும், நீ என்னைப் பார்த்திருக்கிறாயா?"

"தினமும்."

"ஒரு நாளும் இல்லை. நீ திரும்பும் பக்கமெல்லாம் நான் கிளம்பிப் போயிருப்பேன். பார்க்காத ஒருவரைப் பற்றித்தான் உனக்கு இத்தனை பேச்சு."

டார்ச் அமுதவல்லியின் முகத்தைப் பார்த்தது.

வயிற்றுக்குள்ளிருந்து பேட்டரி முனகியது. "அண்ணே, அணைஞ்சுடாதீங்க. இந்தக் குளிர்ல நான் கண்ணை மூடினா, திரும்ப எழுந்திருப்பேன்னு சொல்ல முடியாது."

"தெரியும்டா," என்றது டார்ச். அணைந்தது.

"போச்சு. டார்ச் செத்துருச்சு," என்றாள் அமுதவல்லி.

"விடுடி. அசையாம நில்லு."

முதலில் எதுவும் இல்லை. பிறகு வடக்கே புகைபோல ஒரு கோடு. கோடு அகன்றது. நாற்றங்கால் பச்சை அதில் ஊறி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை யாரோ உதறிவிட்ட சேலையாக வானம் முழுவதும் அலைந்தது. விளிம்பில் கத்தரிப்பூ நிறம். அவ்வளவு பெரிய அசைவுக்கு ஒரு சத்தம்கூட இல்லை. காலடியில் ஏரியும் பச்சையாகிவிட்டது. அமுதவல்லி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெஜி, இது இவ்வளவு நேரமும் இங்கதான் இருந்துச்சா?"

"ம்."

தான் காட்டாத ஒன்றை டார்ச் முதன்முறையாகப் பார்த்தது.

"இதைச் செய்தது நீயா?" என்று இருட்டைக் கேட்டது.

"நானா? இடம் கொடுத்தேன், அவ்வளவுதான்."

ஏரிக்கரையில் அவர்களை அழைத்துப்போக வண்டி வந்தது. அதன் முகப்பு விளக்கு பட்டதும் இருட்டு எப்போதும்போல எழுந்து விலகப் பார்த்தது.

"இரு," என்றது டார்ச். "உன்னை இன்னும் நான் சரியாகப் பார்க்கவே இல்லை."