கோமதிநாயகத்தின் பக்கத்தில் இருந்தவள்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதவர்களுக்குத்தான் இந்தக் கதை. தாமிரபரணிக் கரையோரம் ஓர் அரசு மருத்துவமனை. அங்கே ஆண்கள் வார்டில் காந்திமதி என்றொரு நர்ஸ். பதினாறு வருடச் சர்வீஸ். அவள் ஊசி போட்டால் வலிக்காது. மருந்து கொடுக்கும் நேரம் தவறாது. ஆனால் நோயாளியிடம் ஊர் எது, பிள்ளை எத்தனை என்று விசாரிக்கமாட்டாள். பழகிய முகம் ஒருநாள் கட்டிலில் இல்லாமல் போகும் என்பதை ஆரம்பத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டவள்.

அதே வார்டில் வேலை பார்த்த அமலோற்பவம் அப்படியில்லை. கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசுவாள்.

ஆவணி மாதத்தில் கோமதிநாயகம் என்ற லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். ஈரல் முழுக்கப் பழுது. சர்க்கரை நோய் இரண்டு வருடம் முன்பே பார்வையை வாங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்த தெருக்காரர் மறுநாள் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு நாள் அவர் கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டார். டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரும் சரியாகிவிடும் என்று சொல்லிக் கடந்து போனார்கள், காந்திமதியும்தான். ஐந்தாம் நாள் அவர் அமலோற்பவத்திடம், தான் பிழைப்பேனா என்று கேட்டார்.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இல்ல அண்ணாச்சி. ஆனா வலியில்லாமப் பாத்துக்கிடுவோம்."

அன்று அவர் கஞ்சி குடித்தார். அதன்பிறகு மருந்தோ, புண்ணுக்குக் கட்டு மாற்றுவதோ, அமலோற்பவம் சொன்னால் மட்டுமே சம்மதித்தார். காந்திமதிக்கு அது புதிராக இருந்தது. சாவைச் சொன்னவளை ஒரு மனிதர் எப்படி நம்புகிறார்?

ஒரு வாரம் கழித்து, பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் பேச்சு அவள் காதில் விழுந்தது. கோமதிநாயகம் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்த சமயம் அவர் மனைவிக்கு நோய் முற்றி, ஏதோ ஆஸ்பத்திரி நடைபாதையில் உயிர் போயிருக்கிறது. வாயில் தண்ணீர் விடக்கூட அருகில் எவருமில்லை.

"எனக்கு அந்தக் கதி வேண்டாம் தாயி. போற நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும்."

"ஒரு ஆள் என்ன அண்ணாச்சி, நானே இருப்பேன்" என்றாள் அமலோற்பவம்.

தலைமை நர்ஸ் சொர்ணமும் அதைக் கேட்டுவிட்டாள். மேசைக்கு அழைத்து, நம் நேரம் நம் கையில் இல்லாதபோது அதை எப்படி எடுத்துக் கொடுத்தாய் என்று தணிந்த குரலில் கண்டித்தாள். கொடுத்தாயிற்று அக்கா என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் வேலைக்குத் திரும்பினாள்.

ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குக் கோமதிநாயகத்தின் மூச்சு மாறியது. அமலோற்பவம் அவர் கையைப் பிடித்து உட்கார்ந்தாள். அந்நேரம் பார்த்து, பாலத்தருகே பள்ளி வேன் கவிழ்ந்து பதினொரு பிள்ளைகளை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தம் வற்றிப்போன சின்னக் கைகளில் நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றுவதில் தேர்ந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருத்தி விடுப்பில் இருந்தாள். மற்றவள் அமலோற்பவம்.

சொர்ணமே நேரில் வந்தாள். "பிள்ளைங்க, அமலா. எந்திரி" என்றாள். காந்திமதியை மற்ற வேலைகளை விட்டுவிட்டு இங்கே இருக்கச் சொன்னாள்.

அமலோற்பவம் அவர் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. எழுப்பிச் சொன்னால் தவித்துப்போவார் என்று பயந்தாள். தன் கையை மெல்ல உருவி, அந்த இடத்தில் காந்திமதியின் கையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓடினாள்.

அரைமணி நேரத்தில் அவருக்கு விழிப்பு வந்தது. "அமலாம்மாவா?"

காந்திமதி வாசலைப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. அவர் விரல்கள் இறுகின.

"ஆமா அண்ணாச்சி" என்றாள், குரல் காட்டிக்கொடுக்காதபடி கிசுகிசுப்பாக.

அவர் பிடி தளர்ந்தது. ஈரப் பஞ்சால் அவள் உதட்டை நனைத்தாள். வெகுநேரம் கழித்து அவர் பேசினார். "எல்லாரும் சரியாயிடும்னாங்க. நீ ஒருத்திதான் எங்கிட்ட பொய் சொல்லல தாயி."

அதற்குப் பிறகு பேச்சில்லை. நாலு மணிக்கு மேல் மூச்சும் நின்றது. தன் கையை அவர் கையிலிருந்து எடுக்கக் காந்திமதிக்கு நெடுநேரம் மனம் வரவில்லை.

ஆறு மணிக்கு அமலோற்பவம் சட்டைக்கையில் ரத்தக் கறையோடு வந்தாள். பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பிழைத்தன. அவற்றில் நான்கு, அவள் கை இல்லாவிட்டால் தேறியிருக்காது. கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

"என்னைக் கேட்டாரா?"

காந்திமதி மறைக்கவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அமலோற்பவம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நீ காந்திமதின்னே சொல்லியிருக்கலாம்" என்றாள். அதோடு சரி. ஒரே வார்டில் இன்னும் ஒரு வருடம் இருவரும் வேலை பார்த்தார்கள். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

இனி நீங்கள் சொல்லுங்கள். வாக்குக் கொடுத்தவள் எழுந்து போனாள். ஒருத்தி அவளை எழுப்பி அனுப்பினாள். இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். இம்மூவரில் யார் செய்தது சரி? தவறு எந்த இடத்தில் நடந்தது?

விடை: பதினொரு பிள்ளைகள் கிடக்கும்போது சொர்ணம் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது, அமலோற்பவம் போனதும் சரியே. கோமதிநாயகம் கேட்டது ஓர் ஆளை. அதில் தன் பெயரை அன்பால் சேர்த்தவள் அவள். அவரை எழுப்பி, "பிள்ளைகளுக்கு அடிபட்டிருக்கு, போறேன், காந்திமதி இருப்பா" என்று சொல்லியிருந்தால் அவர் போ தாயி என்றிருப்பார். சாவையே மறைக்காமல் சொன்னவள் இதை மறைத்ததுதான் தவறு. காந்திமதியின் பொய் அதிலிருந்து பிறந்தது. அருகில் இருந்ததால் வாக்கைக் காப்பாற்றியவள் காந்திமதி. அந்த "ஆமா" அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் இந்த விடையைக் காந்திமதி ஒப்புக்கொள்வதில்லை. தன் தவறை வேறொருத்தி தலையில் கட்டாதீர்கள் என்கிறாள். இப்போதெல்லாம் அவள் எந்தக் கட்டிலருகே போனாலும், நோயாளி கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கையைத் தொடுகிறாள்.