கேடயம் வேண்டாத தேர்

சமாரியாவின் கோட்டை வாசலில் படை காத்திருந்தது. குதிரைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. இஸ்ரவேலின் ராஜா தேரில் ஒரு காலை வைப்பார், எடுப்பார். எல்லையில் சீரியரின் வில்லாளிகள் நின்றார்கள்.

ராஜாவின் பந்தியிலேயே சாப்பிட்டு வளர்ந்த தீர்க்கதரிசி அசாரேல் கையை உயர்த்தினார். "தரிசனம் கண்டேன் ராஜாவே! உம்முடைய தேரை ஓர் அம்பும் தொடாது. கேடயம் கொண்டுபோவதே அவிசுவாசம்!"

தேரில் மூன்று பேர் நிற்பது வழக்கம். ஓட்டுகிறவன், ராஜா, ராஜாவுக்கு முன்னால் கேடயம் பிடிக்கிற ரேகூம்.

"கேட்டாயல்லவா?" என்றார் ராஜா ரேகூமிடம். "கேடயத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறு. மறுத்தால் தலை இருக்காது."

ரேகூம் கேடயத்தைச் சுவரில் சாய்த்தான். "அப்படியே செய்கிறேன், ஆண்டவனே. ஆனால் கேடயமே இல்லாதபோது எனக்கு அங்கே என்ன வேலை? தரிசனம் கண்டவரே என் இடத்தில் நிற்கட்டுமே."

"அதுவும் சரிதான்!" என்றார் ராஜா.

அசாரேல் திருதிருவென்று விழித்தார். "நான் இங்கேயிருந்து ஜெபிக்க வேண்டுமே..."

"தேரில் நின்றே ஜெபியுங்கள், ஐயா. இங்கே கேட்கிற கடவுளுக்கு அங்கே காது அடைத்துவிடுமா?" என்றான் ரேகூம்.

வீரர்கள் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். ராஜாவும் ஏறினார். சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். அசாரேல் குனிந்து, "ரேகூம், அந்தக் கேடயத்தை எடுத்துக் கொடு, சீக்கிரம்!" என்று கெஞ்சினார்.

ராஜாவின் காது அவருக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது.

"நிறுத்து!" என்று ராஜா குதித்து இறங்கினார். "தேரிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிடுங்கள்."