இடிமுழக்கனின் தெப்பம்

கடலும் வயலும் அடுத்தடுத்துக் கிடந்த குவளை நாட்டை வெகு காலத்துக்கு முன்பு வீரகேது என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் அவன் காலையில் கொண்ட கோபம் மாலைவரை நிற்காது, மாலையில் கொடுத்த வாக்கு காலைவரை நிற்காது.

தலைநகரின் தெப்பக்குளக் கரையில் ஒரு நெடுஞ்சுவர் இருந்தது. அதற்கு வினைஞர் சுவர் என்று பெயர். தச்சர், கொத்தர், மருத்துவர், தோணி கட்டுவோர் என எத்தொழிலாரும் தம் ஐயத்தை ஓலையில் எழுதி அதில் மாட்டலாம். வண்டிக்காரர்கள் அதைப் படியெடுத்து ஊர்தோறும் கொண்டுசெல்வார்கள். அறிந்தவர்கள் எழுதி அனுப்பும் விடைகள் அதன் அருகே தொங்கும். எழுதியவர் முகத்தை எவரும் பார்ப்பதில்லை. விரும்பியவர் புனைபெயரும் சூடிக்கொள்ளலாம். முகம் மறைந்த இடத்தில் சிலருக்கு நாக்கு நீண்டுவிடுவது அந்நாளிலும் வழக்கம்தான்.

அரசனுக்குத் தான் ஒரு சிற்பி என்ற எண்ணம் உண்டு. வரும் திருவிழாவில் அரசியும் பிள்ளைகளும் ஏறிச் செல்வதற்காக மூன்றடுக்குத் தெப்பம் ஒன்றை வரைந்தான். 'இதில் குறை உண்டா?' என்று கேட்டு, கீழே 'புதியவன்' என எழுதிச் சுவரில் மாட்டினான். சில நாள் கழித்து முக்காடிட்டுக்கொண்டு போய்ப் பார்த்தபோது இரண்டு விடைகள் தொங்கின.

முதலாவது: "இதை வரைந்தவன் குளத்தில் கால் நனைத்தவன் அல்லன். இவன் தெப்பத்தைவிட என் ஓலை நன்றாக மிதக்கும். இடிமுழக்கன்."

இரண்டாவது: "கவிழும். தேவகுஞ்சரி, தோணி கட்டுபவள், சங்குத்துறை."

அரசன் இரண்டையும் கொண்டுவந்து அவையில் வீசி, 'புதியவன்' என எழுதியது தான்தான் என்று அறிவித்தான். கலைக்கூடத் தலைவர் வச்சிரபாணியின் முகம் வெளிறியது. இடிமுழக்கன் அவரேதான். அரச மரக்கலங்களைக் கட்டிய தேவகுஞ்சரியின் பெயரைக் கேட்டாலே அவருக்கு நெஞ்செரியும். ஆகவே விரைந்து பேசினார்.

"பெயரை ஒளித்தவன் எவனோ கோமாளி, அரசே. அவனை விடுங்கள். ஊரும் பேரும் எழுதிவைத்துத் தங்கள் தெப்பம் கவிழும் என்கிறாளே, அந்தத் துணிவை அல்லவா பார்க்க வேண்டும்?"

தேவகுஞ்சரி இனி உளியைத் தொடக்கூடாது, திருவிழாவுக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். மூக்குவரை கோபம் ஏறியவனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்பது அமைச்சர் நல்லாதனாருக்குத் தெரியும். குற்றவாளிகள் இருவர் இருக்க ஒருத்தியை மட்டும் தண்டிப்பது செங்கோலுக்கு அழகன்று; மற்றவனையும் தானே நடந்துவரச் செய்கிறேன்; அதுவரை ஆணையை நிறுத்திவைத்து, தாங்கள் புன்னகையோடு மட்டும் இருங்கள் என்று அரசனிடம் தனியே கேட்டுக்கொண்டார். தேவகுஞ்சரிக்கு ஆளனுப்பி, அரசர் வரைந்தபடியே சிறு மாதிரித் தெப்பம் ஒன்று செய்துவரச் சொன்னார்.

பின்பு நகரில் முரசு அறைந்து அறிவித்தார்கள். இடிமுழக்கர் ஓலையில் எவரும் அறியாத தெப்பக் கலை ஒன்று உள்ளதாம். அதன்படி தெப்பம் விடப்படுமாம். அதில் முதல் இருக்கை அவருக்கேயாம்.

அவை குளக்கரையில் கூடியது. அரசன் புன்னகைப்பதைக் கண்ட வச்சிரபாணி, காற்று வழக்கம்போல் திசை மாறிவிட்டது என்று கணக்கிட்டார். முன்னே வந்து வணங்கினார்.

"அடக்கத்தால் பெயரை மறைத்தேன், அரசே. இடிமுழக்கன் அடியேன்தான்."

அமைச்சர் அந்த ஓலையை இரு கைகளாலும் ஏந்தி வந்து நீரில் விட்டார். அது அசைந்து அசைந்து அழகாக மிதந்தது.

"தாங்கள் எழுதியது மெய், தலைவரே. நன்றாகவே மிதக்கிறது. ஏறி அமருங்கள்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அமைச்சரே, அது ஏளனமாக எழுதியது. அதில் எப்படி ஏறுவது?"

"ஏற முடியாதா? குறை உண்டா என்று கேட்டு வந்தவருக்கு, ஏற முடியாத ஒன்றையா கொடுத்தீர்கள்?"

முதலில் வாய்விட்டுச் சிரித்தவன் அரசன். ஆனால் தேவகுஞ்சரி தன் மாதிரியை நீரில் இறக்கியதும் அச்சிரிப்பு அடங்கியது. மேலடுக்கில் அரசிக்கும் பிள்ளைகளுக்கும் மரப்பொம்மைகள், சுற்றிலும் தோழியர். கரையில் வாணம் விட்டால் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடுவார்கள் என்று சொல்லி, பொம்மைகளை ஒரு பக்கம் நகர்த்தினாள். உயரம் மிகுந்து அகலம் குறைந்த தெப்பம் சட்டென்று குப்புற விழுந்தது. அரசியின் பொம்மை அதன் அடியில் சிக்கிக்கொண்டது.

அமைச்சர் இப்போது அவள் பக்கம் திரும்பினார். "இவ்வளவும் உமக்குத் தெரியும், அம்மா. ஓலையில் ஏன் ஒரே சொல்லை எறிந்துவிட்டுப் போனீர்?"

"பார்த்தாலே தெரியுமே என்று நினைத்தேன், ஐயா."

"பார்த்தாலே தெரிந்திருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார்."

தேவகுஞ்சரி தலைகுனிந்தாள். குறை உண்டா என்று கேட்டவர் அரசர்தாமே என்று அமைச்சர் அரசனுக்கு மெல்ல நினைவூட்டினார்.

"கேட்டேன்தான்," என்றான் வீரகேது. "இல்லை என்று சொல்வார்கள் என நம்பியல்லவா கேட்டேன்."

நாடு கடத்தும் ஆணை அங்கேயே கிழிந்தது. திருவிழாத் தெப்பம் கட்டும் பொறுப்பு தேவகுஞ்சரிக்கும், அரசன் தோளில் கிடந்த பட்டு அமைச்சருக்கும் போயின. வச்சிரபாணி இனிச் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும், எழுதியதைத் தாமே முதலில் செய்து காட்டவும் வேண்டும் என்பது தீர்ப்பு. அதன்பின் அவர் எழுத்தாணிக்கு நீண்ட ஓய்வு கிடைத்தது. திருவிழாவன்று வாணம் வெடித்தபோது எல்லோரும் ஒரு பக்கம் ஓடினார்கள். தெப்பம் சற்றுத் தலையாட்டியதோடு சரி.

குவளை நாட்டில் வெறும் வசை பாடுகிறவனைக் கண்டால், "ஓலையை விடு, ஏறிக் காட்டு" என்று சொல்லும் வழக்கம் அன்று தோன்றியது.

அரசன் திருந்தினானா? அடுத்த மாதமே ஒரு தேரை வரைந்து, 'புதியவன்' என்றெழுதி மாட்டினான். சங்குத்துறையிலிருந்து விடை வந்தது. முதல் சொல் "கவிழும்." அரசனின் மீசை துடித்தது. அடுத்த சொல் "ஏனெனில்."

அரசன் முக்காட்டை விலக்கிவிட்டுக் குளக்கரைப் படியில் உட்கார்ந்தான். அந்த நீண்ட ஓலையைக் கடைசி வரி வரை படித்தான்.