யானை காதை ஆட்டத் தொடங்கிய ஒன்பது நாள்

அந்தக் காலத்தில் விலங்கு, பறவை எல்லாம் பேசின. ஆனால் கீழே நின்று உரக்கக் கத்தினாலொழிய யானைக்குக் கேட்காது. அதன் காது உயரத்தில், அசையாமல், தலையோடு ஒட்டி இருந்தது. அந்தக் காதோரம் உட்கார்ந்து பேசும் உரிமை மைனாவுக்கு மட்டும்தான். மைனா சொன்னால் யானை செய்யும். ஏன் என்று கேட்காது. சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை முடித்த பிறகுதான் நிற்கும்.

மைனாவிடம் ஏழு வேலைகள் இருந்தன. கிளை ஒடிப்பது, கல் நகர்த்துவது, பள்ளம் தோண்டுவது, இப்படி ஏழு. ஏழுக்கும் வாசகம் தயாராக இருக்கும். 'நாவல் கிளை ஒன்றை ஒடித்துக் கொண்டுபோய்' என்று தொடங்கும். எங்கே வைப்பது என்பது மட்டும் காலியாக இருக்கும். கேட்க வந்தவர் அந்த இடத்தைச் சொல்வார். மைனா அதை வாசகத்துக்குள் பொருத்தி யானையின் காதில் ஒப்பிக்கும். பொருளைப் பார்த்தால் சொல் பிசகிவிடும் என்று, ஒலியை மட்டும் பிடித்துக்கொள்வது அதன் பழக்கம். ஒரு எழுத்து கூட்டியதில்லை, ஒரு எழுத்து குறைத்ததில்லை. அதில் அதற்குப் பெருமை.

காட்டுக்கு நடுவே ஓர் ஏரி. ஏரிக்கு நடுவே ஒரு கருவேலமரம். அதில் அறுபத்தொரு நாரைக் கூடுகள், நூற்று நாற்பது குஞ்சுகள். மூத்த நாரை தினமும் காலையில் எண்ணிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருந்ததால் திருடர் யாரும் நெருங்க முடியவில்லை. குஞ்சுகள் பறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

அன்று வெயில் கொளுத்தியது. முயல் ஒன்று கிளை கேட்டு வந்தது. எங்கே வைக்க என்று மைனா கேட்டதற்கு, "முயல் வளை வாசலில், வைத்துவிட்டு அப்படியே முயலின் தலையில் ஒரு தும்பிக்கைத் தண்ணீர் ஊற்று" என்றது. விளையாட்டாகத்தான் சொன்னது. மைனா அப்படியே ஒப்பித்தது. யானை கிளையை வைத்தது. பிறகு ஏரிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்து முயலின் தலையில் ஊற்றியது. நனைந்த முயல் உருண்டு உருண்டு சிரித்தது. காடே சிரித்தது. கணினிக்குள் வேலை வாங்கும் கருவிகளைச் செய்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டால், முயல் சிரிக்கும் இந்த இடத்திலேயே முகம் மாறிவிடுகிறார்கள். யாரோ தட்டச்சு செய்து கொடுத்ததைப் பார்க்காமல் கட்டளைக்குள் பொருத்திவிடும் மைனாக்கள் அவர்களிடமும் உண்டாம்.

மூத்த நாரையும் சிரிக்கவில்லை. மைனாவிடம் போய், "அக்கா, நீ இடம்தானே கேட்டாய்? அது வேலை சொல்லியிருக்கிறதே" என்றது.

"எனக்கு எதற்கடி அந்த ஆராய்ச்சி? கொடுத்ததைக் கொண்டுபோகிறவள் நான்" என்றது மைனா. முயலுக்கு இருக்கிற சந்தோஷம் நாரைக்குப் பொறுக்கவில்லை என்றும் சொல்லிவைத்தது.

பகலெல்லாம் தூங்கும் மரநாய் அன்று பனையுச்சியில் கண்ணை மூடாமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அது மைனாவிடம் வந்தது. மரநாயாருக்குப் பகல் வெளிச்சம் எப்படி இருக்கிறதாம் என்று மைனா கேலி செய்தது. மரநாயும் சிரித்துக்கொண்டது. மரம் ஏற இடுப்பு ஒத்துழைக்கவில்லை, ஒரு கிளை கிடைத்தால் போதும் என்றது. எங்கே வைக்க என்று மைனா கேட்டது.

மரநாய் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வீட்டுக்கு வழி சொல்வதுபோல் சொன்னது: "ஏரிக்கரைப் புளியடியில், வைத்ததும் ஏரிக்குள் இறங்கிக் கருவேலமரத்தைச் சாய்த்துவிடு, சாய்த்து முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் நிற்காதே."

மைனா ஒலியைப் பிடித்துக்கொண்டது. யானையின் காதில் ஒப்பித்தது. ஒரு எழுத்து பிசகவில்லை.

யானை நாவல் கிளையைப் புளியடியில் வைத்தது. வேலை முடிந்ததென்று மைனா இறகு கோதியது. யானை திரும்பவில்லை. ஏரிக்குள் இறங்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது. அப்போதுதான் மைனாவுக்குத் தான் சொன்னதன் பொருள் காதில் விழுந்தது. நில் என்றது. நில், நில் என்று காதுக்குள் தலையை விட்டுக் கத்தியது. யார் கூப்பிட்டாலும் நிற்காதே என்று அதே குரல் ஏற்கெனவே சொல்லியிருந்தது. யானை நிற்கவில்லை. நெற்றியை மரத்தில் வைத்து ஒரே ஒரு தரம் தள்ளியது.

மரம் சாய்ந்த பக்கம் தண்ணீர் வெள்ளையாகிவிட்டது. எல்லாம் குஞ்சுகள். கரையில் பன்னிரண்டு மரநாய்கள் வரிசையாகக் காத்திருந்தன. அலை ஒதுக்கியதையெல்லாம் அவை கவ்விக்கொண்டு போயின. யானை தன் தும்பிக்கையைத் தூக்கிப் பார்த்தது. அதில் ஒரு குஞ்சு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், தும்பிக்கையைத் தூக்கியபடியே நின்றது.

மூத்த நாரை எண்ணியது. நூற்று மூன்று குஞ்சுகளைக் காணோம். மரத்தின் ஒரு பக்கம் இன்னும் தண்ணீருக்கு மேலே நின்றது. தும்பிக்கையில் இருந்ததையும் சேர்த்து மீதி முப்பத்தேழு. மரமோ நிமிடத்துக்கு நிமிடம் முழுகிக்கொண்டிருந்தது.

மரநாயைக் கேட்டார்கள். தான் எந்த மரத்தையும் தொடவில்லை, வாயால் சொன்னதோடு சரி என்றது. யானையைக் கேட்டார்கள். தனக்குக் கேட்டது மைனாவின் குரல்தான் என்றது.

மைனாவைக் கேட்டார்கள். "நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே" என்றது.

"மாற்ற வேண்டாம் அக்கா. பார்த்திருக்கலாம்" என்றது நாரை.

அதற்கு மேல் பேச நேரமில்லை. நாரை யானையின் காதோரம் போய் உட்கார்ந்தது. இனி வாசகம் கிடையாது, இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்வது கிடையாது, எண்ணிப் பத்தொன்பது சொல்தான் என்றது. நட, நில், எடு, தாங்கு என்று பத்தொன்பதையும் காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்தது. இடத்தை வாயால் சொல்ல மாட்டேன், முன்னால் பறந்து காட்டுவேன் என்றது. இவற்றில் இல்லாத எது வந்தாலும், அது என் குரலிலேயே வந்தாலும், சொல் அல்ல, தூசி என்று உதறிவிடு என்றது.

பிறகு அது தும்பிக்கையில் இருந்த குஞ்சைக் கவ்விப் போய் ஒரு கூட்டில் விட்டது. சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, "தாங்கு" என்றது.

யானை தோளைக் கொடுத்து மரத்தை நிமிர்த்தியது. அப்படியே நின்றது.

குஞ்சுகள் பறக்க இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளும் யானை வயிறளவு தண்ணீரில் நின்றது. மரநாய்கள் கரையிலிருந்து விதவிதமாகக் கத்தின. மைனாவின் குரலில் கத்தின, நாரையின் குரலில் கத்தின. தாங்கினது போதும், தோளை எடுத்துவிட்டுக் கரைக்கு வந்து கரும்பு தின்னு என்றன. ஒவ்வொரு பேச்சு வந்து விழும்போதும் யானை காதை உதறியது. ஒட்டிக்கிடந்த காது முதல் நாளே பிரிந்தது. மூன்றாம் நாள் ஒரு குஞ்சு இறந்தது, அன்றும் உதறியது. ஐந்தாம் நாள் கத்தல் நின்றபோதும் காது நிற்கவில்லை. மைனா கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

பத்தாம் நாள் காலை முப்பத்தாறு குஞ்சுகளும் ஒவ்வொன்றாக எழும்பிப் பறந்தன. நாரை கடைசிவரை எண்ணிவிட்டு, "நட" என்றது. யானை மரத்தை விட்டுக் கரையேறியது.

அன்று முதல்தான் யானை சும்மா நிற்கும்போதுகூடக் காதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக் கொடுத்த சில சொற்களைத் தவிர, யார் சொல்லையும் அது உள்ளே விடுவதில்லை.